ஒருபக்க முகத் துடிப்பு: தங்கவயலிலிருந்து ஆபரேஷன் மேசை வரை

முகத்தின் ஒரு பக்கம் மட்டும் தன்னிஷ்டத்துக்குத் துடிக்கிறது. மருத்துவர் சீட்டில் 'ஹெமிஃபேசியல் ஸ்பாசம்' என்று எழுதிவிட்டார். ஆபரேஷன் செய்தால் போய்விடும் என்று யாரோ சொல்லியும் இருக்கிறார்கள். இந்த இடத்தில் நிற்பவருக்கும், அவருக்குத் துணையாகப் போகப்போகிறவருக்கும் உரியது இந்த அத்தியாயம். ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, சாம்பியன் ரீஃப்ஸ், மாரிக்குப்பம் என்று தங்கவயலின் ஏதோ ஒரு மூலையிலிருந்து கிளம்புகிறீர்கள் என்று வைத்துக்கொண்டே எழுதியிருக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இந்த நோய் உயிரைப் பறிக்காது. வேலை கெடும், தூக்கம் கெடும், "என்னப்பா, கண்ணடிக்கிறியா?" என்ற கிண்டலில் மனசு நோகும். கண் அடிக்கடி மூடிக்கொள்வதால் வண்டி ஓட்டுவதும் படிப்பதும் சிரமமாகும். ஆனால் அடுத்த வாரமே ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்ற நிலை ஏறக்குறைய யாருக்கும் வராது. ஆபரேஷனோ மூளைத்தண்டுக்கு ஒட்டினாற்போல் நடப்பது. அதனால் முடிவெடுக்க மாதக் கணக்கில் நேரம் எடுத்துக்கொள்ளலாம். யாராவது அவசரப்படுத்தினால் ஏன் என்று கேளுங்கள்.

நோய், ஒரே பத்தியில்

முகத்தை அசைக்கும் நரம்பு மூளைத்தண்டிலிருந்து வெளியே வரும் இடத்தில் ஒரு ரத்தக்குழாய் அதன்மேல் சாய்ந்து, ஒவ்வொரு நாடித் துடிப்பிலும் இடிக்கிறது. உறை தேய்ந்த மின்கம்பியைப்போல நரம்பு தானாகவே பொறி விடத் தொடங்குகிறது, தசை துடிக்கிறது. வழக்கமாகக் கீழ் இமையில் தொடங்கி, மாதங்கள், ஆண்டுகள் கழித்துக் கன்னம், வாயோரம், கழுத்து என்று இறங்கும். தூக்கத்திலும் நிற்காது. வலி இராது. நாற்பது வயதுக்கு மேல், பெண்களுக்குச் சற்று அதிகமாக வருகிறது. குழாயை நரம்பிலிருந்து விலக்கி, இடையில் டெஃப்லான் பஞ்சு வைப்பதுதான் ஆபரேஷன். 1960களிலிருந்து இதை நிலைநிறுத்தியவர் அமெரிக்க அறுவை மருத்துவர் பீட்டர் ஜனெட்டா. மருத்துவர்கள் இதைச் சுருக்கமாக எம்.வி.டி. என்பார்கள்.

படி 1: இதுதானா என்று உறுதி செய்யுங்கள்

1. போனில் வீடியோ எடுங்கள். பேசும்போது, சிரிக்கும்போது, கண்ணை இறுக மூடித் திறந்த பிறகு என்று ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் போதும். மருத்துவர் எதிரில் உட்கார்ந்ததும் துடிப்பு நின்றுவிடுவது பலருக்கு நடக்கிறது. தூங்கும்போது துணைவர் எடுத்த வீடியோ இருந்தால் இன்னும் நல்லது.

2. கண்ணாடி முன் நின்று கவனியுங்கள். துடிப்பில் கண் மூடும்போது அதே பக்கப் புருவம் மேலே ஏறுகிறதா? நாமாக முயன்றால் அப்படிச் செய்வது கடினம். ஏறினால் இந்த நோய்க்கான நல்ல அடையாளம் அது. மருத்துவரிடம் சொல்லுங்கள்.

3. இரண்டு கண்ணும் சேர்ந்து இறுகி மூடுகிறதென்றால் அது வேறு நோய். இந்த ஆபரேஷன் அதற்கு இல்லை. தூக்கம் கெட்டு, டீ அதிகமாகி, இமை மட்டும் சில நாள் துடிப்பதும் வேறு. அது தானே போகும்.

4. முன்பு அந்தப் பக்கம் முகவாதம் வந்து வாய் கோணியிருந்ததா? அதன் மிச்சமாகவும் துடிப்பு வரலாம். அதைச் சொல்லாமல் விடாதீர்கள்.

5. எம்.ஆர்.ஐ. எடுங்கள். நரம்பையும் குழாயையும் நுணுக்கமாகக் காட்டும் தனி வரிசைப் படங்கள் இதற்கு உண்டு. சீட்டில் நரம்பியல் மருத்துவர் அதைக் குறிப்பிட்டு எழுத வேண்டும். வெறுமனே 'மூளை எம்.ஆர்.ஐ.' என்று எடுத்து வந்தால் பெரும்பாலும் திரும்ப எடுக்கச் சொல்வார்கள். இரண்டு செலவு. அரிதாக ஒரு கட்டியே நரம்பை அழுத்தியிருக்கும். அதை விலக்கிப் பார்ப்பதும் இந்தப் படத்தின் வேலை.

வழக்கமான தவறுகள்

ஆணுக்கு வலக்கண், பெண்ணுக்கு இடக்கண் துடித்தால் நல்ல சேதி என்று முதல் வருஷம் போய்விடுகிறது. முகவாதம் என்று நினைத்து எண்ணெய் தேய்ப்பதிலும் கரண்ட் வைப்பதிலும் இரண்டாவது வருஷம் போகிறது. இரண்டும் இந்தத் துடிப்பை நிறுத்தா.

மூன்றாவது தவறு படித்தவர்கள் செய்வது: எம்.ஆர்.ஐ. அறிக்கையில் 'ரத்தக்குழாய் நரம்பைத் தொடுகிறது' என்ற ஒற்றை வரியைப் பார்த்து ஆபரேஷனுக்குத் தேதி கேட்பது. துடிப்பே இல்லாத பலருக்கும் அப்படித் தொட்டுக்கொண்டிருக்கும். நோயைத் தீர்மானிப்பது உங்கள் முகம். படம் அதற்குத் துணைச் சாட்சி மட்டுமே.

படி 2: மாத்திரையா, ஊசியா, ஆபரேஷனா?

மாத்திரையிலிருந்து அதிகம் எதிர்பார்க்காதீர்கள். கார்பமாசெபின், குளோனாசெபாம், பாக்லோஃபென் போன்றவை கொடுப்பார்கள். சிலருக்குக் கொஞ்சம் அடங்கும். தூக்கமும் தள்ளாட்டமும் கூடவே வரும். எச்சரிக்கை: கார்பமாசெபின் தொடங்கிய முதல் வாரங்களில் தோலில் தடிப்பு, வாயில் புண், காய்ச்சல் எது வந்தாலும் அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள். அரிதான, ஆனால் உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை அப்படித்தான் தொடங்கும்.

போடாக்ஸ் என்ற பெயரில் தெரிந்திருக்கும் பொட்டுலினம் ஊசி நன்றாக வேலை செய்கிறது. சில நாளில் துடிப்பு அடங்கும். மூன்று நான்கு மாதம் நிற்கும். பிறகு மறுபடி போட வேண்டும். இமை கொஞ்சம் தொங்கலாம், கண் உலரலாம், வாய் சற்று ஒரு பக்கம் இழுக்கலாம். தானே சரியாகும். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை செலவும் பயணமும் இருந்துகொண்டே இருக்கும் என்பதுதான் இதில் சுமை.

ஆபரேஷன் மட்டுமே மூல காரணத்தைத் தொடுகிறது. அனுபவமுள்ள கைகளில் பத்தில் எட்டு ஒன்பது பேருக்குத் துடிப்பு நிற்கிறது. விலையும் உண்டு: அந்தப் பக்கக் காது கேட்காமல் போவது (நல்ல மையங்களில் நூற்றில் ஐந்து பேருக்குள்), தற்காலிக முகத் தளர்ச்சி, மூளைநீர்க் கசிவு, குரல் கம்மல், விழுங்கச் சிரமம். பக்கவாதமும் மரணமும் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் பூஜ்யம் அல்ல.

என் கருத்து: பலருக்கும் ஒரு முறையாவது ஊசி போட்டுப் பார்ப்பது நல்லது. துடிப்பில்லாத மூன்று மாதம் எப்படி இருக்கிறது என்று தெரிந்த பிறகு ஆபரேஷனைப் பற்றி யோசித்தால் முடிவு தெளிவாக வரும். வயது எழுபதைத் தாண்டியவர், இதயமோ நுரையீரலோ பலவீனமானவர் ஊசியோடு நிறுத்திக்கொள்வதில் தோல்வி ஒன்றும் இல்லை.

தங்கவயல்காரர்கள் மறக்கக்கூடாத இரண்டு: நெஞ்சும் காதும்

வேறு ஊர்க்காரருக்கு எழுதியிருந்தால் இந்தப் பகுதி இரண்டு வரியில் முடிந்திருக்கும்.

தங்கவயலின் தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. அன்றைக்கு இருபத்தைந்து, முப்பது வயதில் அண்டர்கிரவுண்டில் இறங்கிக்கொண்டிருந்தவர் இப்போது ஐம்பதைத் தாண்டியிருப்பார். இந்தத் துடிப்பு வரும் வயதும் அதுதான். அவர் உடம்பில் சுரங்கம் இரண்டு தடயங்களை விட்டிருக்கலாம்.

நெஞ்சு: பாறையைத் துளைக்கும்போது எழுந்த சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கி, வேலையை விட்டுப் பல ஆண்டுகள் கழித்தும் சிலிகோசிஸாக வெளிப்படும். சிலிகோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் அதிகம். இந்த ஆபரேஷன் முழு மயக்கத்தில், சில மணி நேரம், பக்கவாட்டில் படுக்கவைத்துச் செய்யப்படுவது. ஆகவே மயக்க மருத்துவரிடம் நீங்களாகவே "நான் சுரங்கத்தில் இத்தனை வருஷம் வேலை பார்த்தேன்" என்று சொல்ல வேண்டும். பெங்களூரில் இருக்கும் இளம் மருத்துவருக்குக் கேட்கத் தோன்றாது. மார்பு எக்ஸ்-ரே, மூச்சுத் திறன் சோதனை, இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை ஆகியவற்றை முன்பே முடித்துவிடுங்கள். சுரங்க ஆஸ்பத்திரியின் பழைய எக்ஸ்-ரேயோ சிலிகோசிஸ் சான்றோ டிரங்குப் பெட்டியில் இருந்தால் கொண்டு போங்கள். பழைய படத்தோடு ஒப்பிட்டால் நிழல் புதியதா பழையதா என்று உடனே தெரியும்.

காது: ஜாக் ஹாம்மர் சத்தத்தில் ஆண்டுக்கணக்கில் நின்றவருக்கு இரண்டு காதும் மந்தமாகியிருக்கலாம்; பழகிப்போனதால் அவருக்கே தெரியாது. பி.இ.எம்.எல். போன்ற தொழிற்சாலைகளில் அதிரும் பட்டறையில் இருந்தவருக்கும் இது பொருந்தும். கேட்கும் நரம்பு முக நரம்புக்கு ஒட்டியே போகிறது. ஆபரேஷனில் முதலில் ஆபத்துக்குள்ளாவது அதுதான். எனவே காது அளவீட்டுச் சோதனையை இரண்டு காதுக்கும் எடுத்துக் கோப்பில் வையுங்கள். துடிக்கும் பக்கக் காதுதான் நன்றாகக் கேட்கும் ஒரே காது என்றால், ஆபரேஷன் முடிவையே மறுபடி எடைபோட வேண்டும். அப்படிப்பட்டவருக்கு ஊசி நல்ல வழி.

படி 3: எங்கே போவது

தங்கவயலிலோ கோலாரிலோ நோயைச் சந்தேகிக்கவும், ரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தவும், பரிந்துரைக் கடிதம் வாங்கவும் முடியும். ஆபரேஷனுக்குப் பெரும்பாலும் இரண்டு திசைகளில் ஒன்று.

மேற்கே பெங்களூரு: ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ், 1974இல் இன்றைய வடிவம் பெற்ற மத்திய அரசு நிறுவனம். மாரிக்குப்பத்திலிருந்து பங்காருப்பேட்டை வழியாகப் போகும் காலை வண்டிகளில் வேலைக்குப் போகிறவர்களோடு நீங்களும் ஏறிப் போகலாம். புறநோயாளிகள் பகுதியில் கூட்டம் அதிகம். முதல் நாளில் பதிவும் முதல் கட்டப் பரிசோதனையும் முடிந்தாலே அந்த நாள் வெற்றி. தனியார் மருத்துவமனைகளும் இந்த ஆபரேஷனைச் செய்கின்றன; அங்கே காத்திருப்பு குறைவு, செலவு அதிகம்.

கிழக்கே வேலூர்: சி.எம்.சி. மருத்துவமனை. இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறை ஜேக்கப் சாண்டியால் 1949இல் அங்கே தொடங்கப்பட்டது. பங்காருப்பேட்டையில் ரயில் ஏறிக் காட்பாடியில் இறங்கலாம். எல்லாம் தமிழிலேயே நடக்கும் என்பது வயதானவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

பணம் பற்றி: பி.பி.எல். கார்டு உள்ள குடும்பத்துக்கு ஆயுஷ்மான் பாரத் - ஆரோக்ய கர்நாடகா திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. முதலில் அரசு மருத்துவமனையில் காட்டிப் பரிந்துரை வாங்கிக்கொண்டு போங்கள். நேரே போய்ப் படுத்துவிட்டுப் பிறகு கார்டை நீட்டினால் சிக்கல். வேலூருக்குப் போவதென்றால், கர்நாடகக் கார்டு அங்கே இந்த ஆபரேஷனுக்குச் செல்லுமா என்று அட்மிஷனுக்கு முன்பே அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: அறுவை மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கம் வேண்டாம்.

1. இந்த ஆபரேஷனை ஆண்டுக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்? 'மூளை ஆபரேஷன் நிறையச் செய்கிறோம்' என்பது இதற்குப் பதில் அல்ல.

2. ஆபரேஷனின்போது காது நரம்பையும் முக நரம்பையும் கருவியால் கண்காணிப்பீர்களா?

3. என் படத்தில் எந்தக் குழாய் அழுத்துகிறது? சிறு குழாயா, பெரிய முதுகெலும்புத் தமனியா?

4. எனக்குக் காது போகும் வாய்ப்பு எவ்வளவு?

5. துடிப்பு உடனே நிற்காவிட்டால் என்ன செய்வீர்கள்?

மூன்றாவது கேள்விக்குக் காரணம் உண்டு. சிறு குழாய் என்றால் விலக்குவது எளிது. நீண்டு தடித்து வளைந்த முதுகெலும்புத் தமனி அழுத்தினால், அது விறைப்பாக இருக்கும். தள்ளிய இடத்திலிருந்து திரும்பி வரப் பார்க்கும். வெறும் பஞ்சு போதாமல், குழாயைப் பக்கத்துச் சவ்வோடு சேர்த்துக் கட்டவேண்டியும் வரலாம். ரத்த அழுத்தம் நெடுநாள் கட்டுக்குள் இல்லாதவர்களிடம் இத்தகைய குழாய்கள் அதிகம் காணப்படுகின்றன.

படி 5: புறப்படும் முன்

1. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் வந்த பிறகே தேதி வாங்குங்கள்.

2. பீடி, சிகரெட்டைச் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்துங்கள். நெஞ்சில் தூசி உள்ளவருக்கு இதில் சலுகை கிடையாது.

3. ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிட்டால் அறுவை மருத்துவரிடமும் இதய மருத்துவரிடமும் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், சொல்லாமல் தொடரவும் செய்யாதீர்கள். நாட்டு மருந்து சாப்பிட்டாலும் சொல்லுங்கள்.

4. கோப்பு ஒன்று: எம்.ஆர்.ஐ. சி.டி.யும் படங்களும், காதுச் சோதனை, எக்ஸ்-ரே, மருந்துப் பட்டியல், ஆதார், ரேஷன் கார்டு, பரிந்துரைக் கடிதம். எல்லாவற்றுக்கும் இரண்டு நகல்.

5. துணைக்கு இருவர், மாறி மாறி. ஒருவரே ஒரு வாரம் வார்டு வராந்தாவில் படுத்தால் அவரும் நோயாளி ஆவார். பெங்களூரில் என்றால் அதில் ஒருவருக்காவது கன்னடம் படிக்கத் தெரிந்திருப்பது நல்லது.

ஆபரேஷன் அறைக்குள்

காதுக்குப் பின்னால் கொஞ்சம் முடி மழிப்பார்கள். தோலைக் கீறி, எலும்பில் நாணயமளவு வாசல் திறந்து, நுண்ணோக்கியில் பார்த்தபடி சிறுமூளையின் ஓரமாக உள்ளே போவார்கள். அங்கேதான் கஷ்டம் தொடங்குகிறது. சிறுமூளையை அழுத்தி விலக்கினால் காது நரம்பு இழுபடும்; போதுமான அளவு விலக்காவிட்டால் நரம்பு மூளைத்தண்டிலிருந்து கிளம்பும் அந்த இடம் தெரியாது. அழுத்தும் குழாயிலிருந்து மூளைத்தண்டுக்கு முடி போன்ற சிறு கிளைகள் போகும். அதில் ஒன்று அறுந்தாலும் பக்கவாதம். சில நேரம் இரண்டு குழாய்கள் அழுத்தும். கண்ணில் பட்ட ஒன்றை மட்டும் விலக்கிவிட்டு வந்தால் துடிப்பு தொடரும்.

இதற்காகத்தான் கண்காணிப்புக் கருவி. முக நரம்பின் ஒரு கிளையைத் தூண்டும்போது, சம்பந்தமில்லாத வேறு தசையிலும் இந்த நோயாளிகளுக்கு மின் அசைவு தெரியும். சரியான குழாயை விலக்கியதும் அது பெரும்பாலும் மறையும். மறையாவிட்டால் இன்னும் தேட வேண்டும் என்று பொருள். காதில் 'டிக் டிக்' ஒலி கொடுத்துக் கேட்கும் நரம்பையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அலை தளர்ந்தால் கையை எடுத்து ஓய்வு கொடுப்பார்கள். வெளியே காத்திருப்பவர் தெரிந்துகொள்ள: சொன்ன நேரத்தைவிட இரண்டு மணி நேரம் கூடினால் அதுவே கெட்ட செய்தி ஆகாது.

வார்டில்

முதல் இரவு தீவிர சிகிச்சைப் பிரிவில். தலைவலி, குமட்டல், சுற்றல் வரும். சில நாளில் குறையும். முதலில் தண்ணீர் குடிக்கும்போது நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு வாய் மட்டும். புரையேறினால் நிறுத்தி நர்ஸிடம் சொல்லுங்கள். போனை இரண்டு காதிலும் மாற்றி வைத்துக் கேட்டுப் பாருங்கள். முக்காதீர்கள்; மலச்சிக்கலுக்கு மருந்து கேட்டு வாங்குங்கள். மூக்கைப் பலமாகச் சிந்தாதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

தங்கவயலுக்குத் திரும்பும்போது நெரிசல் வண்டியில் நின்றுகொண்டு வராதீர்கள். கார் பிடிக்கப் பணம் ஒதுக்கி வையுங்கள். தையல் பிரிக்க மறுபடி நூறு கிலோமீட்டர் போக வேண்டுமா, உள்ளூரிலேயே பிரிக்கலாமா என்று டிஸ்சார்ஜ் அன்றே கேளுங்கள். நான்கு முதல் ஆறு வாரம் கனம் தூக்க வேண்டாம். குடத்தில் தண்ணீர் சுமப்பதும் இதில் அடக்கம். சுற்றல் முழுதும் போகும்வரை டூ வீலர் கிடையாது.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்:

* மூக்கிலிருந்தோ காயத்திலிருந்தோ தெளிந்த நீர் ஒழுகுதல், தொண்டையில் உப்பு நீர் இறங்குவதுபோல் தோன்றுதல்
* காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு
* கூடிக்கொண்டே போகும் தலைவலி, நிற்காத வாந்தி, மயக்கக் கலக்கம்
* கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல்
* மூச்சுத் திணறல், அல்லது ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும்

இவற்றில் எது வந்தாலும் 108ஐ அழைத்து முதலில் அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போய், அங்கிருந்து ஆபரேஷன் செய்த இடத்துக்குப் பேசச் சொல்லுங்கள். இரவோடு இரவாக நீங்களே பெங்களூருக்கு ஓட்டிப் போக வேண்டாம்.

இன்னொன்று பலரைப் பதற வைக்கும். எல்லாம் நன்றாக இருந்து, ஒன்றிரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் அந்தப் பக்க முகம் தொய்ந்திருக்கும். தாமதமாக வரும் இந்தத் தளர்ச்சி ஏறக்குறைய எல்லோருக்கும் வாரங்களிலோ சில மாதங்களிலோ சரியாகிவிடும். ஆனாலும் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள்; வேறு காரணம் இல்லையென்று அவர்தான் சொல்ல வேண்டும். அதுவரை கண்ணைக் காப்பது உங்கள் வேலை: பகலில் சொட்டு மருந்து, இரவில் களிம்பு போட்டு இமையை மூடி மெல்லிய டேப், வெளியே போனால் கண்ணாடி. சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டுப் பக்கம் காற்றடிக்கும் நாளில் பறக்கும் தூசி, மூடாத கண்ணுக்கு எதிரி.

துடிப்பு நிற்காவிட்டால்

கட்டுப் பிரித்த அன்றே முகம் அமைதியாக இருக்கும் என்று உறவினர் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். பலருக்கு அப்படித்தான். சிலருக்கு முதல் நாள் நின்று மூன்றாம் நாள் திரும்ப வரும். படிப்படியாக வாரங்களில், மாதங்களில் அடங்கும். ஆண்டுகளாக அடிபட்ட நரம்பு ஓய நேரம் எடுக்கிறது. அதனால்தான் பெரும்பாலான மருத்துவர்கள் ஒரு வருஷம் போகும்வரை 'தோல்வி' என்று எழுதமாட்டார்கள். அந்த வருஷத்தில் மாதத்துக்கு ஒரு முறை, அதே நேரத்தில், அதே வெளிச்சத்தில் ஒரு நிமிட வீடியோ எடுத்து வையுங்கள். அன்றாடம் பார்ப்பவர் கண்ணுக்குக் குறைவது தெரியாது, வீடியோவில் தெரியும். தொல்லை தாங்காவிட்டால் இடையில் ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று கேளுங்கள்.

ஒரு வருஷம் கழித்தும் அப்படியே இருந்தால் புதிய எம்.ஆர்.ஐ. எடுத்து, இரண்டாவது மருத்துவரிடம் கருத்துக் கேளுங்கள். மறு ஆபரேஷன் செய்யலாம். ஆனால் முதல் முறை வைத்த பஞ்சைச் சுற்றித் திசு ஒட்டியிருக்கும்; காதுக்கும் முகத்துக்கும் ஆபத்து முன்பைவிட அதிகம். அப்போது முதல் ஆபரேஷனின் முழுக் குறிப்பு தேவைப்படும்: எந்தக் குழாய், எத்தனை இடத்தில் பஞ்சு, கண்காணிப்பில் அலை மறைந்ததா இல்லையா. டிஸ்சார்ஜ் சீட்டில் இவ்வளவும் இராது. ஆபரேஷன் குறிப்பின் நகலைத் தனியாக எழுதிக் கேட்டு, வீடு திரும்பும் முன்பே வாங்கிக் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.